வயிற்றில் அறுவை, காலில் எதற்கு மின்சாரம்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் அப்பாவுக்கு வயது 64. பெருங்குடலின் கடைசி வளைவில், சிக்மாய்டில், புற்றுநோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைக்கப்போகிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்து அறுவை செய்தபோது, ஆறு நாள் வயிறு உப்பி, மூக்கில் குழாயோடு கிடந்தார். இப்போது புற்றுநோயைவிட அந்தக் குழாய்க்குத்தான் அதிகம் பயப்படுகிறார். காலில் இருக்கும் அக்குபஞ்சர் புள்ளிகளில் மின் தூண்டல் கொடுத்தால் குடல் சீக்கிரம் இயங்கத் தொடங்கும் என்று சித்தப்பா சொன்னார். நான்கு ஒட்டுப்பட்டைகளோடு ஒரு சிறிய கருவியை வாங்கிவிட்டேன். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. இது உண்மையிலேயே பலன் தருமா? வார்டில் நானே வைத்துவிடலாமா? வயிற்றில் அறுவைக்குக் காலில் எதற்கு மின்சாரம் என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உண்டு. கொஞ்ச நாளாகப் பாதம் மரத்துப்போகிறது என்கிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சர்க்கரையையும் மரத்துப்போகும் பாதத்தையும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை அந்த இரண்டு வரிகள்தான். அவற்றுக்கு வருகிறேன். முதலில் குழாயைப் பற்றிய அப்பாவின் பயம்.

குடல் கூச்ச சுபாவம் கொண்ட உறுப்பு. வெட்டக்கூட வேண்டாம், கையால் எடுத்துப் புரட்டினாலே உறைந்துபோய் நின்றுவிடும். அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்துக்கு இது நரம்புகளின் வேலை: ஆபத்து வந்தது என்று எண்ணி உடல் செரிமானத்தை நிறுத்தி வைக்கிறது. அதன் பிறகு வருவதுதான் நீண்ட தொல்லை. கைபட்ட குடல் சுவரின் தசை அடுக்குக்குள் எதிர்ப்பு அணுக்கள் வந்து குவிந்து, ஓர் அழற்சி கிளம்பி, தசையைச் சில நாள் மந்தமாக்கிவிடுகிறது. இதற்கு மேல் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள், மூளையில் இருப்பதைப் போலவே குடல் சுவரிலும் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, இருக்கிற அசைவையும் அடக்கும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எழுந்துவிடும். இரைப்பைக்கு ஓரிரு நாள் பிடிக்கும். பெருங்குடல்தான் சோம்பேறி, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். இதை நாங்கள் இலியஸ் என்கிறோம். மூன்று நாளுக்குள் தீர்ந்தால் அது நோயே இல்லை, எதிர்பார்த்த ஓய்வு. நான்காம் நாளும் தாண்டி வயிறு உப்பி, வாந்தி வந்து, சாப்பிட முடியாமல், வாயுவும் பிரியாமல் இருந்தால்தான் கவலைப்படுகிறோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு நடந்தது வேறு கதை. வெடித்த குடல்வால், வயிறு முழுக்கச் சீழ், அவசரமாகத் திறந்து செய்த அறுவை. அந்தச் சீழில் ஊறிய குடல் ஆறு நாள் படுத்துக்கிடந்ததில் வியப்பில்லை. இப்போது நடக்கப்போவது நாள் குறித்து, சுத்தமான வயிற்றில், சிறு துளைகள் வழியாகக் குடலை அதிகம் புரட்டாமல் செய்யும் வேலை. மூக்குக் குழாயையும் இப்போதெல்லாம் யாரும் வழக்கமாக வைப்பதில்லை. விடாமல் வாந்தி எடுக்கும் சிலருக்கு மட்டும்தான் வைக்கிறோம். "எனக்குக் குழாய் வைப்பீர்களா?" என்று அப்பாவே தன் அறுவை நிபுணரிடம் நேராகக் கேட்கட்டும். மகள் சொல்லிக் கேட்பதைவிட அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

இனி மின்சாரம். இந்த யோசனை உங்கள் சித்தப்பாவோடு தொடங்கியது அல்ல. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீஜிங்குக்குப் போயிருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அங்கேயே அறுவை செய்துகொண்டார். ஊசிகளைக் குத்தி மயக்கமில்லாமல் வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் பலர் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அது தவறு. அறுவை வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் நடந்தது. அறுவைக்குப் பின் இரண்டாம் இரவில் வயிறு உப்பி அவர் தவித்தபோதுதான் அக்குபஞ்சர் மருத்துவர் வந்தார். வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசிகளை வைத்துத் திருகினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது, பிறகு திரும்பவில்லை என்று ரெஸ்டன் எழுதினார். அமெரிக்காவில் அக்குபஞ்சர் மீது ஆர்வம் பற்றிக்கொண்டது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். அதாவது, மேற்குலகம் முதலில் வாய்பிளந்து படித்த அக்குபஞ்சர் செய்தியே வயிற்று அறுவைக்குப் பின் வரும் வாயுத் தொல்லையைப் பற்றியதுதான்! ஆனால் ஒருவருடைய அனுபவம் ஒரு சான்று ஆகாது. இரண்டாம் நாள் இரவில் எதுவும் செய்யாமல் இருந்தாலும் உப்புசம் தணியக்கூடியதுதான்.

ரெஸ்டனுக்கு ஊசி வைத்த அந்த முழங்காலுக்குக் கீழான இடத்தைத்தான் இன்றைய ஆய்வுகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சீனப் பெயர் சூசான்லி. முழங்கால் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கிருந்து நோயாளியின் சொந்த விரல்களால் நான்கு விரல் அகலம் கீழே வந்து, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளினால் அந்த இடம். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் அங்கே ஒரு தசை திரண்டு எழும். அறுவை நிபுணனான எனக்கு 'சக்தி ஓடும் பாதை' என்ற பேச்சில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இடத்தின் நரம்புகளில் நம்பிக்கை உண்டு.

ஏன் கால் என்ற அப்பாவின் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் 2021-ல் வந்தது. ஹார்வர்டில் சியூஃபூ மாவின் ஆய்வுக் குழு எலிகளை வைத்துச் செய்த வேலை அது. பின்னங்காலின் ஆழமான திசுக்களில், எலும்பை ஒட்டிய உறைகளில், ஒரு தனி வகை உணர்வு நரம்புகள் ஓடுகின்றன. அவற்றை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால் செய்தி தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து வேகஸ் என்ற நீண்ட நரம்பு வழியாக அட்ரீனல் சுரப்பிக்கு இறங்கி, உடலின் அழற்சியைத் தணிக்கிறது. வயிற்றுச் சுவரில் அந்த வகை நரம்புகள் மிகக் குறைவு. அங்கே அதே மெல்லிய மின்சாரத்தைக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. குடலை மந்தமாக்குவது பாதி அழற்சிதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டையும் பொருத்திப் பாருங்கள். வயிற்றுக்குச் செய்தி அனுப்பக் காலில் ஒரு வாசல் இருப்பது இனி அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. எலி மனிதன் ஆகாது என்ற எச்சரிக்கையையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது: மின் தூண்டல் உடலின் சொந்த வலிநிவாரணிகளைக் கொஞ்சம் சுரக்க வைக்கிறது. வலி குறைந்தால் மார்ஃபின் குறையும், மார்ஃபின் குறைந்தால் குடல் விரைவாக எழும். எனக்கு இந்தச் சாதாரண விளக்கம்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

சரி, மனிதர்களிடம் என்ன ஆயிற்று? ஹாங்காங்கில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு உங்கள் அப்பாவின் நிலைக்கு மிக அருகில் நிற்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்ட 165 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி வழியாக மின் தூண்டல். ஒரு பிரிவுக்குப் பெயருக்கு ஊசி, மின்சாரம் இல்லை. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. முதல் தடவை மலம் கழிக்க ஆன நேரம் சராசரியாக முதல் பிரிவில் 85.9 மணி, இரண்டாவதில் 107.5 மணி, மூன்றாவதில் 122.1 மணி. எதுவும் பெறாதவர்கள் சராசரியாக 8.5 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், மின் தூண்டல் பெற்றவர்கள் 6.5 நாள்.

விற்பனைக்காரர் உங்களிடம் 122-ஐயும் 86-ஐயும் மட்டும் காட்டுவார். ஒன்றரை நாள் மிச்சம் என்பார். நடுவில் இருக்கும் 107-ஐப் பாருங்கள். தினமும் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தொட்டு, ஊசி வைத்துவிட்டுப் போனவர்களின் சராசரி அது. மின்சாரமே இல்லாமல் அரை நாளுக்கு மேல் குறைந்திருக்கிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம், மனித ஒட்டுறவின் பலனாகவும் இருக்கலாம். கருவிக்கென்று கணக்கில் வைக்கக்கூடியது 107-க்கும் 86-க்கும் இடையிலான சுமார் 21 மணி நேரம்தான்.

அதன் பிறகு சீனாவின் சில மருத்துவமனைகளில் 248 பேரிடம் செய்து 2022 இறுதியில் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. இங்கே எல்லா நோயாளிகளுக்கும், பட்டினி போடாமல் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கும் நவீன விரைவு மீட்பு முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மின் தூண்டல் பெற்றவர்கள் நடுமதிப்பில் 76.4 மணியில் மலம் கழித்தார்கள், போலிச் சிகிச்சை பெற்றவர்கள் 90 மணியில். இடைவெளி சுமார் 14 மணியாகச் சுருங்கிவிட்டது. பொதுக் கவனிப்பு நன்றாக இருக்கும் இடத்தில் கருவிக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவு என்று நான் இதைப் படிக்கிறேன். இருந்தாலும் அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: குடல் நீண்ட நாள் முடங்கிக்கிடப்பது போலிச் சிகிச்சைப் பிரிவில் 20 சதவீதமாக இருந்தது, மின் தூண்டல் பிரிவில் 10 சதவீதம். உங்கள் அப்பா பயப்படுவது இதற்குத்தானே!

எல்லா ஆய்வுகளும் இப்படித் தலையசைக்கவில்லை. 2010-ல் ஷாங்காயில் வயிற்றைத் திறந்து குடல் அறுவை செய்துகொண்ட 90 பேரிடம் மின் தூண்டலால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 2013-ல் நியூயார்க்கில் வெளியான அக்குபஞ்சர் ஆய்விலும் உண்மை ஊசியும் போலி ஊசியும் ஒன்றுபோலவே முடிந்தன. இந்த வகை ஆய்வுகளில் ஒழிக்க முடியாத சிக்கல் ஒன்றும் உண்டு. மாத்திரையில் போலி மாத்திரையை ஒளித்துவைக்கலாம். சுருக்கென்று ஏறும் மின்சாரத்தை எப்படி ஒளித்துவைப்பது? காலில் விறுவிறுப்பு தெரிந்தவர், தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று ஊகித்துவிடுவார்.

இன்னொன்று. நான் மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் ஊசியின் வழியாக மின்சாரம் செலுத்தியவை. நீங்கள் வாங்கியிருப்பது தோலின் மேல் ஒட்டும் பட்டை. இந்த முறைக்கும் சாதகமான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பல சிறியவை, முறைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பட்டை, ஊசியைவிடச் சாதுவானது. அதன் பலனும் ஊசியின் அளவுக்கு இருக்கும் என்று கருதிக்கொள்ளக் கூடாது.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: பலன் இருக்கக்கூடும். இருந்தால் அரை நாள் அளவுக்கு இருக்கும். என் அப்பாவாக இருந்தால் மறுக்க மாட்டேன், ஆனால் அதை நம்பி எந்தத் திட்டமும் போட மாட்டேன்.

இப்போது அந்த மரத்துப்போகும் பாதம். இந்தச் சிகிச்சை முழுக்க காலின் உணர்வு நரம்புகளை நம்பி நிற்கிறது. பதினைந்து வருடச் சர்க்கரை அரிப்பதும் அதே நரம்புகளைத்தான். கம்பி அறுந்த மணியை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே சத்தம் கேட்காது. நல்ல வேளையாகச் சர்க்கரை நரம்புச் சேதம் பெரும்பாலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை ஏறுவதுபோல மெல்ல மேலேறும். பாதம் மரத்திருந்தாலும் முழங்காலுக்குக் கீழே உணர்வு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றைக்கே பார்த்துவிடலாம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு பஞ்சுத் திரியால் தொடையில் ஒருமுறை, நான் சொன்ன புள்ளியில் ஒருமுறை, பாதத்தில் ஒருமுறை மெதுவாகத் தொடுங்கள். தொடும்போதெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். புள்ளியில் தொடுவது தொடையில் தொடுவதைப் போலவே தெளிவாகத் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம். மங்கலாகத் தெரிந்தால் கருவி வேண்டாம். பலன் சந்தேகம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், மின்சாரம் அளவு மீறினால் அவருக்கு உறைக்காது என்பது. தோல் கன்றிப்போய்ப் புண்ணான பிறகுதான் தெரியும். சர்க்கரை உள்ளவரின் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாதத்தில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. கருவியைவிட இது எனக்கு முக்கியம். பாத நரம்பைத் தொட்ட சர்க்கரை, இரைப்பை, குடல் நரம்புகளையும் தொட்டிருக்கலாம். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? சாப்பிட்டது மணிக்கணக்கில் நெஞ்சுக்குக் கீழேயே நிற்கிறதா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? இதில் ஒன்றாவது இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாகும் ஒருவருக்கு மயக்கம் கொடுக்கும்போது உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் கூடுதல். அதற்கு ஏற்ப அவர் முறையை மாற்றிக்கொள்வார். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எப்போது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டில் நீங்களே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுவை நிபுணருக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது. அவருக்குத் தெரிந்து, பிசியோதெரபி நிபுணரோ பயிற்சி பெற்ற அக்குபஞ்சர் மருத்துவரோ முதல் தடவை பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்தால், பட்டை ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கம்பியின் இரண்டு பட்டைகளும் ஒரே காலில் இருக்கட்டும்: ஒன்று அந்தப் புள்ளியில், மற்றொன்று அதற்குக் கீழே நான்கு விரல் தள்ளி. ஒன்று வலது காலிலும் மற்றொன்று இடது காலிலுமாக ஒட்டினால் மின்சாரம் இடுப்பைக் கடந்து போகும். அது தேவையில்லாத சாகசம். பூஜ்யத்தில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். நல்ல விறுவிறுப்பு, லேசான தசைத் துடிப்பு, அவ்வளவு போதும். வலித்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு வேளைக்கு அரை மணி நேரம், அறுவைக்கு மறுநாள் தொடங்கி மூன்று நான்கு நாள் கொடுத்தார்கள். நாள் முழுக்க ஒட்டிவைத்தால் நான்கு மடங்கு பலன் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு உடனே மறைந்தால் சரி, மறையாவிட்டால் மறுபடி அங்கே ஒட்டாதீர்கள்.

முதுகில் மரப்பு மருந்து கொடுத்திருந்தால் கால் முழு உணர்வுக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இரத்தக் கட்டி வராமல் இருக்கக் காலில் இறுக்கமான காலுறையோ காற்றழுத்தப் பட்டையோ போட்டிருப்பார்கள். கருவிக்காக அதைக் கழற்றிப்போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் அந்தக் காலில் எதையும் ஒட்டாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி முறையைத் தேர்ந்தெடுத்தால், அப்பாவுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போன்ற மருந்து போகிறது என்பதை ஊசி வைப்பவரிடம் சொல்ல வேண்டும். பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. பேஸ்மேக்கர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால் இதயநோய் நிபுணர் சம்மதிக்காமல் கருவியின் பக்கமே போகக் கூடாது. வலிப்பு நோய் இருந்தாலும் அப்படியே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மார்பில் இசிஜி கம்பிகள் இருக்கும்போது கருவியைப் போட்டால் திரையில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளும், நர்ஸ் ஓடிவருவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, அவருக்கும் இதயம் ஒன்றுதான்.

இந்த எச்சரிக்கைகள் எல்லாம் சின்னவை. பெரியது ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் வார்டில் ஒருவர், உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகும் அதே அறுவை. முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தார். நான்காம் நாள் வயிறு உப்பத் தொடங்கியது. மகனிடம் உங்களுடையதைப் போல ஒரு கருவி இருந்தது. எங்களிடம் சொல்லாமல் ராத்திரி முழுக்க விசையை ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். பாவம், அப்பாவின் மேல் அவ்வளவு அக்கறை. காலைச் சுற்றில் நான் போனபோது நோயாளியின் நாடித்துடிப்பு 120, லேசான காய்ச்சல், முகத்தில் ஒரு சாம்பல் நிறம். ஸ்கேனில் இணைப்பில் கசிவு தெரிந்தது. அன்றே மீண்டும் அறுவை. பிழைத்துக்கொண்டார். கருவி கசிவை உண்டாக்கவில்லை. ஆனால் ராத்திரியே எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டிய எட்டு மணி நேரத்தை அது தின்றுவிட்டது.

குடல் எழாமல் இருப்பது சில நேரம் வெறும் சோம்பல். சில நேரம் உள்ளே ஏதோ சரியில்லை என்று அது அடிக்கும் மணி. மூன்றாம் நாளுக்குப் பிறகு வயிறு குறைவதற்குப் பதிலாகப் பெருத்துக்கொண்டே போனால், வலி நாளுக்கு நாள் கூடினால், பச்சையாக வாந்தி வந்தால், காய்ச்சல் அடித்தால், நாடி 100-க்கு மேலேயே நின்றால், மூச்சு வாங்கினால், பேச்சு குழம்பினால் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணி என்று தயங்க வேண்டாம். குடல் முறுக்கிக்கொண்டோ எங்கோ அடைத்துக்கொண்டோ இருந்தால் அதற்குத் தேவை தூண்டுதல் அல்ல, நோய் கண்டறிதல்.

அப்பாவுக்கு உண்மையில் நாட்களை மிச்சம் பிடித்துத் தரக்கூடியவை விலையில்லாத, கவர்ச்சியில்லாத சில காரியங்கள். 1990-களில் டென்மார்க் அறுவை நிபுணர் ஹென்ரிக் கேலெட் இவற்றை ஒன்றாகக் கோத்து விரைவு மீட்பு முறையாக்கினார். அதற்கு முன் நாங்கள் நோயாளியைப் பட்டினி போட்டு, படுக்கவைத்து, நரம்பு வழியாக பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றி, வாயு பிரியும்வரை வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று காவல் காத்தோம். எல்லாம் குடலுக்கு எதிராகவே வேலை செய்தது என்று பின்னால் தெரிந்தது. அளவுக்கு மீறிய திரவம் குடல் சுவரையே நீர்கோக்க வைத்து அசைவை அடக்குகிறது. இப்போது அறுவை அன்று மாலையே நாற்காலியில் உட்கார வைக்கிறோம், மறுநாள் நடக்க வைக்கிறோம். பலருக்கு அன்றோ மறுநாளோ வாய்வழி உணவு தொடங்குகிறது. மார்ஃபினை முடிந்தவரை குறைத்து, மற்ற வலிநிவாரணிகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். குறைந்தால் குடல் தசை துவண்டுவிடும்.

சூயிங்கம் மெல்லுவது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் வாய் மென்றால் உணவு வருகிறது என்று குடல் ஏமாந்துபோய்க் கொஞ்சம் அசைகிறது. பலன் சிறியது, தொல்லை எதுவும் இல்லை. பல் கட்டு ஆடாமல் இருந்தால் போதும். காபி இன்னும் சுவையான கதை. ஜெர்மனியில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 80 பேரில் பாதிப்பேருக்குக் காபியும் மீதிப்பேருக்கு வெந்நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவில் காபி குடித்தவர்கள் சராசரியாக 60 மணியில் மலம் கழித்தார்கள், வெந்நீர் குடித்தவர்கள் 74 மணியில். அந்த 14 மணி வித்தியாசத்தை மேலே எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? கருவி தந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு ஆய்வுகளையும் இப்படிப் பக்கத்தில் வைப்பது புள்ளியியல் நிபுணர்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் உங்கள் மனத்தில் அளவு சரியாகப் பதியட்டும் என்றுதான் வைத்தேன். அப்பாவுக்குக் காபி பிடிக்குமா, சர்க்கரை சேர்க்காமல் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை அறுவை நிபுணரைப் பார்க்கப் போகும்போது கருவியை முதல் கேள்வியாக எடுக்காதீர்கள். வலிக்கு மார்ஃபினைக் குறைத்து என்ன கொடுக்கப்போகிறார்கள், எத்தனை மணி நேரத்தில் எழுப்பி நடக்க வைப்பார்கள், வாயில் எப்போது தொடங்குவார்கள், பாதம் மரத்துப்போவதை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட்டார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால் நல்ல கைகளில் இருக்கிறீர்கள். ஐந்தாவதாக, பஞ்சுத் திரிச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதைச் சொல்லிவிட்டு, மின் தூண்டலுக்கு ஆட்சேபனை உண்டா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சரி என்றால், தினமும் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று அப்பாவின் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். இரவுப் பணிக்கு வரும் மருத்துவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில் வரும்வரை அப்படியே இருக்கட்டும். பிரிக்காத பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார்.